ஊர்க் குழு நடத்தும் காட்டுச் சுற்றுலா: ஆள் வரம்பு, பங்கு எப்படி வைப்பது?

ஓடைக்கரை கேட்டது:
காப்புக்காட்டை ஒட்டிய ஊர், 120 வீடு. 2 கிலோமீட்டர் வட்ட நடைபாதை ஒன்றை ஊர்க் குழுவே நடத்த வனத்துறை சம்மதித்திருக்கிறது. நாளைக்கு எத்தனை பேரை விடலாம்? பணத்தை எப்படிப் பிரிப்பது? 120 வீட்டுக்கும் சமமாகக் கொடுத்தால் சண்டை வராது என்று ஒரு யோசனை. பயிரை விலங்கு அழித்த வீட்டுக்கு என்ன வழி?

தடம் எழுதியது:
ஆள் வரம்புக்குக் கணக்கு உண்டு. குழுவுக்கு 8 பேர், குழுக்களுக்கிடையே 200 மீட்டர் என்றால் 2000 மீட்டரில் ஒரே நேரத்தில் 10 குழு. சுற்றிவர 2 மணி நேரம், பாதை திறந்திருப்பது 6 மணி நேரம் என்றால் 3 நடை. 10 × 3 × 8 = 240.

அதை அப்படியே பலகையில் எழுதிவிடாதீர்கள். பாதையில் இடம் இருக்கிறது என்பதற்குமேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை. விலங்கு தண்ணீருக்கு இறங்கும் காலை 2 மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் 160. அடுத்து வழிகாட்டிகளை எண்ணுங்கள். 5 பேர், ஆளுக்கு 2 நடை என்றால் 80தான். இருப்பதில் சிறிய எண்ணே வரம்பு. போன வழியே திரும்பும் பாதையாக இருந்தால் குழுக்கள் எதிரெதிரே முட்டும். இந்தக் கணக்கே செல்லாது.

10 இடத்தில் முளை அடித்து மாதம் ஒருமுறை பாதையின் அகலத்தை அளங்கள். அகலம் கூடினால் உடனே கூட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றி நடந்திருப்பார்கள். பாதைக்குக் குறுக்கே சாய்வாக வடிகால் வெட்டிவிட்டு, அதன்பின் மறுபடி அளந்து பாருங்கள்.

பேரேடு எழுதியது:
எத்தனை சதவீதம் என்பதற்கு முன், எதன் மேல் சதவீதம் என்று கேளுங்கள். உகாண்டாவில் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20% சுற்றுவட்டார மக்களுக்கு என்று வைத்தார்கள். ஆனால் கொரில்லா பார்க்க வருபவர் கொடுக்கும் பெரும்பணம் அனுமதிச் சீட்டில் இருக்கிறது, நுழைவுக் கட்டணத்தில் இல்லை. சீட்டிலிருந்து தனியாக ஒரு சிறு தொகை பிற்பாடுதான் சேர்ந்தது. ருவாண்டா பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தின் மேலேயே பங்கு வைத்தது: 2005இல் 5%, 2017இல் 10%.

ஆகவே ஒப்பந்தத்தில் 'மொத்த வசூலில்' என்று எழுதி வாங்குங்கள். 'செலவு போக' என்று இருந்தால், செலவு எழுதுகிறவர் கையில்தான் உங்கள் பங்கு. சீட்டுக்குத் தொடர் எண், அடிக்கட்டை இரண்டும் கட்டாயம். மாத வரவு செலவை ஊர்ப் பொதுப் பலகையில் ஒட்டுங்கள்.

வரப்பு எழுதியது:
சமப்பங்கு யோசனையை நான் ஏற்கமாட்டேன். 120ஆகப் பிரித்தால் யாருக்கும் கை நிறையாது. காட்டோரம் நிலம் வைத்து விளைச்சலை இழந்தவருக்கும் ஊர் நடுவில் கடை வைத்தவருக்கும் ஒரே தொகை போனால், இழந்தவர் கண்ணி வைக்கத்தான் போவார். முதலில் கூலி, பிறகு பயிரிழப்பு நிதி, மிச்சம் பொதுவேலைக்கு என்று வரிசை வையுங்கள். இழப்பை 48 மணி நேரத்துக்குள் குழுவில் இருவர் நேரில் போய் அளந்துவிட வேண்டும். நாள் போனால் மழையில் கால்தடம் அழியும், எது மேய்ந்தது என்பதே தகராறாகும்.

வேலை கொடுப்பதிலும் காட்டை நம்பிப் பிழைத்தவர் முதலில். பெரியார் புலிகள் காப்பகத்தில் காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்தவர்களையே குழுவாக்கி, காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தார்கள். எந்த வழியாக ஆள் நுழைவான் என்று அவர்களுக்குத் தெரியாததா?

தடம் எழுதியது:
வரிசை சரி. பதிவேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமீபியாவில் 1996 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, ஊர்மக்களே நடத்தும் சமூகக் காப்பகங்கள் வந்தன. அங்கே காவலர்கள் விலங்கு, சேதம், வேட்டைத் தடயம் எல்லாவற்றையும் தாளிலேயே குறிக்கிறார்கள். மூலப் பதிவு ஊரிலேயே இருக்கும். அதிகாரிகளுக்கு நகல்தான் போகும். வரம்பை 80இலிருந்து ஏற்றச் சொல்லி யாராவது வந்தால், நீட்டிக் காட்ட அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.