கடன் செயலி எடுத்த தொடர்பு எண்களை அழிக்க வைப்பது எப்படி?

வணக்கம். என் தங்கை ஒரு கடன் செயலியில் வாங்கிய 6,000 ரூபாயை வட்டியோடு கட்டி முடித்துவிட்டாள். செயலியையும் நீக்கியாயிற்று. ஆனாலும் அவள் போனில் இருந்த எண்களுக்கு, பெரியம்மா வரைக்கும், அழைப்பு வருகிறது. பாவம், கூனிக் குறுகிப் போகிறாள்.

கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவை அழிக்கக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் 2025 நவம்பர் அறிவிக்கைப்படி அது அமலாக 18 மாதம் ஆகும். அதுவரை என்ன செய்வது?

செயலிக்குப் பின்னால் உள்ள நிதி நிறுவனத்துக்கு எழுதிவிட்டோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அப்படிப் புகார் கொடுத்து எண்களை அழிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன ஆதாரம் இணைத்தீர்கள்? புகாரின் வாசகம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.