கற்றாழை கிரீம் நாலே நாளில் தண்ணீர் விடுகிறது, விரலில் ரவை மாதிரி நெருடுகிறது – எங்கே தப்பு செய்கிறேன்?

கற்றாழைப்பிரியை:
வணக்கம் மக்களே. கடை கிரீம் எதைப் போட்டாலும் மூக்கோரம் எரிகிறது என்று போன மாதத்திலிருந்து வீட்டிலேயே செய்து பார்க்கிறேன். என் கணக்கு இதுதான்: செடியிலிருந்து வழித்த கற்றாழை ஒரு டம்ளர், தேங்காய் எண்ணெய் அரை டம்ளர், ஷியா பட்டர் ரெண்டு ஸ்பூன், தேன்மெழுகு ஒரு ஸ்பூன், வைட்டமின் ஈ மாத்திரை நாலு, கொஞ்சம் பன்னீர். எண்ணெய், மெழுகை உருக்கி, கற்றாழையோடு சேர்த்து மிக்ஸியில் ஓட்டினால் அப்போதைக்கு வெண்ணெய் மாதிரி அழகாகத்தான் வருகிறது. நாலாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரத்தில் தண்ணீர் கோத்து நிற்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் கல், வெளியே வைத்தால் கூழ். போதாததற்கு தேய்க்கும்போது குட்டிக் குட்டியாக நெருடல், பூசிய பிறகு முகம் வடை சுட்ட கை மாதிரி பிசுபிசுப்பு. மெழுகை இன்னும் கூட்டினால் சரியாகுமா?

சோப்புச்சட்டி:
மெழுகைக் கூட்டாதீர்கள், இன்னும் இறுகும், ஆனால் பிரிவது நிற்காது. முக்கால்வாசிப் பேர் விழுகிற குழி இதுதான். தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்கும், அவ்வளவே. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற வேலை அதற்குத் தனியாகத் தெரியாது. பழைய கோல்டு கிரீமில் தேன்மெழுகோடு வெண்காரம் சேர்ப்பார்கள், மெழுகில் இருக்கும் அமிலமும் வெண்காரமும் சேர்ந்து ஒரு சோப்பு உண்டாகும், அந்த சோப்புதான் ரெண்டையும் கட்டிப்போடும். உங்கள் கணக்கில் அப்படி எதுவும் இல்லை, மிக்ஸி வேகத்தில் கொஞ்ச நேரம் கலந்த மாதிரி நடிக்கிறது.

எமல்சிஃபையிங் வாக்ஸ் (எண்ணெயையும் தண்ணீரையும் கட்டிப்போடுகிற மெழுகு) என்று கேட்டு வாங்குங்கள், சோப்பு சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். எண்ணெய் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போட்டால் போதும். அப்புறம் டம்ளர், ஸ்பூன் அளவை மறந்துவிட்டு 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். நான் 100 கிராமுக்குப் போடுவது: பாதாம் எண்ணெய் 10, தேங்காய் எண்ணெய் 5, எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, சீட்டைல் ஆல்கஹால் 2 (பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வழுவழுப்பான ஒரு கொழுப்பு, முகத்தை உலர்த்தாது), டிஸ்டில்டு வாட்டர் 73.2, கிளிசரின் 3, சாந்தன் கம் (தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி) 0.3, கடைசியில் பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுப்பது) 1, வைட்டமின் ஈ 0.5. சாந்தன் கம்மை நேரே தண்ணீரில் கொட்டினால் மீன்கண் மாதிரி கட்டி தட்டும், முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள்.

எண்ணெய்ப் பாத்திரம், தண்ணீர்ப் பாத்திரம் ரெண்டும் 70 முதல் 75 டிகிரி இருக்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று ஆறியது என்றால் மெழுகு அங்கேயே திட்டுத் திட்டாக உறைந்துவிடும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுடவைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டு, ஆவியான அளவு வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். மிக்ஸி வேண்டாம், காற்றை அடைத்துவிடும். ஹேண்ட் பிளெண்டரின் தலை முழுக்க மூழ்கியே இருக்கும்படி ரெண்டு நிமிஷம் ஓட்டி, அப்புறம் ஆறும்வரை கரண்டியால் கிளறினால் போதும்.

நெருடலுக்குக் காரணம் ஷியா. அது மெதுவாக ஆறினால் உள்ளே இருக்கிற கொழுப்பில் சீக்கிரம் உறைகிற பகுதி தனியாக மணி கட்டும். ஷியா போடுவதென்றால் முழுக்க உருக்கி, கலந்ததும் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறியே ஆற்றுங்கள். தேங்காய் எண்ணெயும் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும், அதனால்தான் உங்களுக்கு ஃப்ரிட்ஜில் கல், வெளியே கூழ். அந்த அரை டம்ளர்தான் பிசுபிசுப்புக்கும் காரணம்.

நெய்க்குடம்:
இவ்வளவு கெமிக்கல் எதற்கு? எங்கள் ஆச்சி நெய்யைச் செம்புப் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து நூறு தடவை கழுவுவார். வெள்ளை வெளேரென்று கிரீம் மாதிரி வரும். எந்த வாக்ஸும் கிடையாது, பிரிந்ததும் கிடையாது.

பழைய_க்யூசி:
நெய்க்குடம், அது அருமையான சரக்கு, நானும் வெடிப்புக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் அதில் நெய்தான் பெரும்பங்கு, தண்ணீர் அதற்குள் கொஞ்சம் மாட்டிக்கொண்டிருக்கிறது. தோழி கேட்பது முக்கால் பங்கு தண்ணீர் இருக்கிற கிரீம். ரெண்டும் வேறு ஜாதி.

தோழி, பிரிவதைவிட எனக்குப் பயம் அந்தப் பச்சைக் கற்றாழை மேல்தான். செடியோடு வந்த கிருமியும் அதற்குத் தீனியான சர்க்கரையும் உள்ளேயே இருக்கிறது. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. நாற்றமோ பூஞ்சையோ தெரியும் முன்பே கிருமி பெருகியிருக்கும், அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பூசுகிறீர்கள். இப்போது டப்பாவில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். ஃபீனாக்சி எத்தனால் கலந்த பிரிசர்வேட்டிவ் வாங்கி, கிரீம் 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு அந்த 1 கிராமைச் சேருங்கள். கற்றாழை வேண்டுமென்றால் 200 மடங்கு செறிவான பொடி 0.1 கிராம் போதும்.

செய்ததும் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு குட்டி டப்பாவை ஒரு ராத்திரி ஃப்ரீசரில், மறுநாள் வெளியே என்று மூன்று சுற்று விட்டுப் பாருங்கள். தண்ணீர் விடாமல் நின்றால் ஓரளவு தேறிவிட்டது. இன்னொரு டப்பாவை மொட்டை மாடிக் கதவுக்குப் பின்னால், நல்ல புழுக்கத்தில் ஒரு மாசம் வையுங்கள்.

கற்றாழைப்பிரியை:
ரெண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை செய்தேன். முதலில் மோர் மாதிரி தண்ணியாக இருந்தது, போச்சுடா என்று நினைத்தேன், மறுநாள் காலையில் பார்த்தால் ஸ்பூனை நிமிர்த்தி வைக்கும் அளவுக்குக் கெட்டி. ஃப்ரீசர் மூன்று சுற்று தாண்டியும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரே குறை, தேய்க்கும்போது வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது, உள்ளே இறங்க ஒரு நிமிஷம் ஆகிறது. சித்தி பெண் இதைப் பார்த்துவிட்டு விற்கலாம் என்கிறாள்.

சோப்புச்சட்டி:
சூடாக இருக்கும்போது முடிவு பண்ணவே கூடாது, முழுக்கக் கெட்டியாக ஒரு நாள் ஆகும். வெள்ளைக் கோட்டுக்கு சீட்டைல் ஆல்கஹாலை 2-லிருந்து 1 ஆக்கி, அந்த ஒரு கிராமைத் தண்ணீரில் கூட்டுங்கள். அப்படியும் இருந்தால் டைமெத்திகோன் (வழுக்கலான ஒரு சிலிக்கோன் எண்ணெய்) 1 கிராம்.

பழைய_க்யூசி:
விற்பதற்கு 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி உற்பத்தி லைசென்ஸ் வேண்டும், அடுக்களையில் செய்து லேபிள் ஒட்ட முடியாது. சித்தி பெண்ணுக்கு ஒரு டப்பா சும்மா கொடுங்கள், அதையும் முதலில் முழங்கை மடிப்பில் ரெண்டு நாள் தடவிப் பார்க்கச் சொல்லி. மூக்கோரம் எரிச்சல் இப்போது எப்படி இருக்கிறது?

கற்றாழைப்பிரியை:
இல்லை சார், அஞ்சு நாளாக எரியவில்லை. மாடிக் கதவு டப்பா மட்டும் பாக்கி, அது மாசக் கடைசியில்.