ஃபோர்வீல் டீசல் பிக்கப்: கிளம்பும்போதே துள்ளுகிறது

கேள்வி (மண்டபம்):
அண்ணன்மாரே, மீன் பெட்டி ஏற்றும் வண்டிதான், ஆனால் 402 மீட்டர் (கால் மைல்) நேர் ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை. டர்போ பூஸ்ட் ஏற்றிக் கிளட்சை விட்டால் பின்பக்கம் ஆட்டுக்கிடா மாதிரி துள்ளுகிறது. போன வாரம் முன் ஆக்சில் ஜாயிண்டும் போனது.

பதில் (கீழக்கரை):
தம்பி, பின் ஆக்சிலைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டை முறுக்கி விடுபடுவதால் வரும் துள்ளல் அது. ஆக்சில் முறுக்காமல் பிடிக்க, அதிலிருந்து சேசிஸுக்கு டிராக்‌ஷன் பார் போடு. நாலு சக்கரமும் இழுக்கும் வேக கியரான ஃபோர் ஹை போதும். மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ போட்டால் கியர் சட்டெனத் தீர்ந்துவிடும். ஸ்டியரிங்கை ஒடித்து வைத்து மிதித்தால் எந்த ஜாயிண்டும் தாங்காது. ஓட்டம் முடிந்து திரும்பும் முன் டூவீல் டிரைவுக்கு மாற்றிவிடு, ஃபோர்வீலில் திரும்பினால் காய்ந்த தார் ரோட்டில் சக்கரங்கள் இறுக்கிப் பிடிக்கும்.

பதில் (ராமேஸ்வரம்):
அதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள். ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் என் வண்டியில் லீஃப் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டையே தின்றிருந்தன.

கேள்வி (மண்டபம்):
பார்த்தேன். நட்டைத் தொட்டால் துருதான் உதிர்கிறது. சரி, முதலில் போல்ட். தனுஷ்கோடி ரோட்டில் சோதிக்கலாமா?

பதில் (கீழக்கரை):
வேண்டவே வேண்டாம். டூரிஸ்ட் கூட்டம், ரோட்டில் மணல் வேறு.