அக்காக்களுக்கு ஜிபே சொல்லிக்கொடுப்பது எப்படி?

எங்கள் ஊர் மகளிர் குழுவில் 18 பேருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஜிபே சொல்லிக்கொடுக்கிறேன். முக்கால்வாசிப் பேர் 45 வயதைத் தாண்டியவர்கள், பூ வியாபாரம், இட்லிக் கடை என்று கணக்கு வழக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் வகுப்பில் புரொஜெக்டர் போட்டு ஒன்றரை மணி நேரம் பேசினேன், எல்லோரும் கொட்டாவி விட்டார்கள் (என் தப்புதான்). சரி என்று அடுத்த வாரம், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னேன், இடமே சந்தையாகிவிட்டது.

சிக்கல் இதுதான். பணம் வாங்க ரகசிய எண் (பின் நம்பர்) தேவையில்லை, அனுப்பத்தான் வேண்டும் என்று மூன்று வாரமாகச் சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள். போன வாரம் சோதித்துப் பார்க்க, "இதை ஸ்கேன் பண்ணினால் உங்களுக்கு 50 ரூபாய் வரும்" என்று என் க்யூஆரை ஓர் அக்காவிடம் நீட்டினேன். பின் நம்பரில் மூன்று எண் போட்டுவிட்டார், கையை மறித்துத்தான் நிறுத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்த வாரம் அவர் வரவில்லை.

மனம் நோகாமல் இதை எப்படிப் பதியவைப்பது? எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வராதவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் பின் நம்பரைச் சீட்டில் எழுதி போன் கவருக்குள் வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் பாடம் எடுத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் சொல்லுங்களேன். அப்புறம், இந்த வாரம் வராத அந்த அக்கா வீட்டுக்கு நானே போய்க் கூப்பிடலாமா?