பெற்றோர் பெயரில் வாங்கும் கடனும் அந்தப் படிப்பின் கடன்தான்

ஒஹாயோ மாநிலத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், உற்பத்திப் பொறியியல் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நானும் உட்காருவதால், பிள்ளைகளைப் 'பொறியியல் தொழில்நுட்பம்' (Engineering Technology) என்ற, செய்முறைக்கு முக்கியத்துவம் தரும் பட்டப்படிப்பில் சேர்க்க நினைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. 2024 கோடையில் நண்பர் ஒருவருடன் உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே எழுதுவது பலருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அவருடைய மகளுக்கு வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரவியல் தொழில்நுட்பப் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில் அந்தப் படிப்புக்கான சம்பளத்தையும் கடனையும் பார்த்துவிட்டு, முதல் ஆண்டுச் சம்பளத்தில் பாதிகூடக் கடன் இல்லையே என்று அவர் நிம்மதியாக இருந்தார். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவர் ஒருவர் தம் பெயரில் ஃபெடரல் (மத்திய அரசின்) கடனாக முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 7,500 என்று நான்கு ஆண்டுகளில் 27,000 டாலர்தான் வாங்க முடியும். எனவே தளத்தில் முதலில் கண்ணில் படும் நடுமதிப்புக் கடன் (பாதிப் பேருக்கு அதற்கு மேலும் பாதிப் பேருக்கு அதற்குக் கீழும் இருக்கும் தொகை), எவ்வளவு செலவு பிடிக்கும் கல்லூரியானாலும், பெரும்பாலும் இந்த வரம்பை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். மீதிச் செலவுக்காகத் தாயோ தந்தையோ தம் பெயரில் ஃபெடரல் அரசிடம் வாங்கும் 'பேரன்ட் பிளஸ்' கடன் அந்த எண்ணில் சேர்வதில்லை. தனியார் வங்கிக் கடனும் சேர்வதில்லை. எச்-1பி எனும் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் பெற்றோருக்குப் பேரன்ட் பிளஸ் கிடைக்காது என்பதால், நம்மவர்களில் பலர் தனியார் கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தொகையும் இந்தத் தளத்தில் தெரியாமல் குடும்பத்தின் தலையில் மட்டும் இருக்கிறது.

நண்பர் பச்சை அட்டை (கிரீன் கார்டு, அதாவது நிரந்தர வசிப்புரிமை) வைத்திருப்பவர் என்பதால் பேரன்ட் பிளஸ் கடன் வாங்க முடியும். நான்கு ஆண்டுகளில் தம் பெயரில் 60,000 டாலர் பேரன்ட் பிளஸ் கடன் வாங்க எண்ணியிருந்தார். 2024-25 கல்வியாண்டில் மாணவர் கடனுக்கு வட்டி 6.53 விழுக்காடு, பெற்றோர் கடனுக்கு 9.08 விழுக்காடு. அந்த வட்டியையே நான்கு ஆண்டுகளுக்கும் வைத்துக்கொண்டு, படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியையும் கடன் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் கட்டணத்தையும் சேர்க்காமல், பத்தாண்டுத் தவணை போட்டுப் பார்த்தோம். மகளின் தவணை மாதம் ஏறத்தாழ 307 டாலர் வந்தது. தந்தையின் தவணை 760 டாலரைத் தாண்டியது. இரண்டையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேல். ஐம்பது வயதைத் தாண்டி, ஓய்வுக்காலச் சேமிப்பைப் பெருக்க வேண்டிய பருவத்தில் இருக்கும் ஒருவர் இந்தத் தவணையை அறுபதைக் கடந்தும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைப் பார்த்ததும் அவர் வெகுநேரம் பேசவில்லை. மொத்தக் கடன் முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று இங்கே பொதுவாகச் சொல்லும் அளவுகோல் சரியானதே. ஆனால் அந்த மொத்தத்தில் பெற்றோரின் கடனையும் சேர்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

சம்பளத்தின் பக்கமும் கவனம் தேவை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்கில் இயந்திரப் பொறியாளரின் நடுமதிப்புச் சம்பளம் ஏறத்தாழ 99,500 டாலர். இயந்திரவியல் தொழில்நுட்பர், டெக்னீஷியன் ஆகியோரைச் சேர்த்த பிரிவில் அது 64,000. இந்த இரண்டாவது எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் இரண்டாண்டுப் பட்டயம் பெற்றவர்களும் அதில் இருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் நான்காண்டுத் தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர்கள் பொறியாளர் என்ற பதவியிலேயே, மற்றவர்களுக்கு இணையான சம்பளத்தில் சேர்கிறார்கள். ஆய்வகப் பயிற்சி அதிகம் என்பதால் தொடக்கத்தில் வேலையை விரைவாகப் பிடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். வேறுபாடு பிற்காலத்தில்தான் தலைகாட்டுகிறது. பட்டப்படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் ஏபெட் (ABET) அமைப்பு பொறியியலுக்கும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கும் தனித்தனி ஆணையங்கள் வழியாக அங்கீகாரம் தருகிறது. தொழில்நுட்பப் பட்டத்துடன் தொழில்முறைப் பொறியாளர் உரிமம் பெறச் சில மாநிலங்கள் கூடுதல் ஆண்டு அனுபவம் கேட்கின்றன. சில மாநிலங்கள் அந்தப் பட்டத்தையே ஏற்பதில்லை. தொழிற்சாலை வேலைக்கு இந்த உரிமம் பெரும்பாலும் வேண்டியதில்லை, ஆனால் கட்டுமானத் துறைக்கோ ஆலோசனை நிறுவனத்துக்கோ போக விரும்பும் பிள்ளைக்கு இது சம்பளத்தையே தீர்மானிக்கும் விஷயம்.

என்னைக் கேட்டால், இந்தப் படிப்புக்கே உரிய மலிவான வழி ஒன்று இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டுப் பட்டயம் முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டு, நிறுவனத்தின் உதவியோடு மீதி இரண்டு ஆண்டுகளைப் படிக்கலாம். கல்விக்காக நிறுவனம் தரும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை ஊழியருக்கு வரி கிடையாது. எங்கள் பிரிவிலேயே இப்படிப் படித்து, மிகக் குறைந்த கடனோடு பொறியாளர் ஆனவர்கள் இருக்கிறார்கள்.

நண்பரின் மகள் இறுதியில் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய அரசுப் பல்கலைக்கழகத்தில், படிப்பின் இடையே நிறுவனத்தில் சம்பளத்துடன் வேலை செய்யும் 'கோ-ஆப்' பயிற்சி உள்ள அதே படிப்பில் சேர்ந்தாள். தந்தை தம் பெயரில் கடன் வாங்கவில்லை. இப்போது இந்த முடிவை எடுக்க இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் செலவாகும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் மீதிக்குத் தனியார் கடனை நாட வேண்டியிருக்கும் என்பதால், சேர்க்கைக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே நான்கு ஆண்டுகளின் முழுச் செலவையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.