‘ரைட் அசென்ஷன்’: ஏற்றமா, எழுச்சியா?

வணக்கம். வான்வரைபடச் செயலியின் சொற்கோவையை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். அதில் ‘ரைட் அசென்ஷன்’ என்பது, வானில் ஒரு விண்மீன் கிழக்கு நோக்கி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மணிக்கணக்கில் சொல்லும் அளவை. பழைய மொழிபெயர்ப்புகளை எடுத்துத் தரும் மென்பொருளான மொழிபெயர்ப்பு நினைவகம், ‘அசென்ஷன்’ வந்த இடமெல்லாம், ஈஸ்டரிலிருந்து 40ஆம் நாள் விழாவான ‘விண்ணேற்ற’த்தை இட்டு நிரப்பிவிட்டது. திருவாதிரைக்கு நேரே ‘விண்ணேற்றம்: 5 மணி 55 நிமிடம்’ என்று நிற்கிறது. ‘வல ஏற்றம்’ என மாற்றிவிடவா?

---

> ‘வல ஏற்றம்’ என மாற்றிவிடவா?

வேண்டாம் ஐயா. அந்த ‘ரைட்’ வலக்கை அல்ல, செங்கோணம். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு வான நடுவரை (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் வட்டம்) தொடுவானத்தைச் செங்குத்தாக வெட்டும். அங்கே ஒரு விண்மீனோடு கூடவே உதிக்கும் நடுவரைப் புள்ளி எது என்பதே லத்தீனில் முதற்பொருள். நம் கணிதத்தில் இது லங்கோதயம், அதாவது நிலநடுக்கோட்டில் ஒவ்வொரு ராசியும் உதித்து முடிய ஆகும் நேரம்: மேடம் 278 வினாடி (இங்கே வினாடி என்பது நாழிகையில் 60இல் ஒரு பங்கு), இடபம் 299, மிதுனம் 323. கூட்டினால் 900, அதாவது 15 நாழிகை, சரியாகக் கால்வட்டம். வடக்கே வந்தால் இந்த மூன்றிலும் சரகண்டம், அதாவது ஊரின் அட்சரேகைக்கான திருத்தம், கழிக்க வேண்டும். ஆகவே, செங்குத்து என்ற பொருளில் ‘நேரேற்றம்’.

‘விண்’ சமயத்தாருக்கே இருக்கட்டும். அவர்கள் நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள்: இயேசு தாமே ஏறியது விண்ணேற்றம், மரியா எடுத்துக்கொள்ளப்பட்டது விண்ணேற்பு. முன்னது ‘ஏறு’, பின்னது ‘ஏல்’.

---

> வலக்கை அல்ல

மறுக்கிறேன். திருமுருகாற்றுப்படையில் ஞாயிறு ‘வலனேர்பு திரிதரு’வது, அதாவது வலமாக எழுந்து சுற்றுவது. முல்லைப்பாட்டிலும் நெடுநல்வாடையிலும் மேகம் எழுவதும் வலன் ஏர்புதான். ஈராயிரம் ஆண்டு இணையைப் பிரிப்பானேன்? ‘வலவேர்பு’ என்போம்.

---

சொல் அழகு, திசைதான் தலைகீழ். ஞாயிறு வலமாகச் சுழல்வது கிழக்கிலிருந்து மேற்கே. இந்த அளவையோ கிழக்கு நோக்கி வளர்கிறது, மணிக்கு 15 பாகை. ‘வல’த்தை நம்பி எண்ணும் மாணவருக்கு 5 மணி 55 நிமிடம் 18 மணி 5 நிமிடம் ஆகிவிடும், திருவாதிரையை வானின் எதிர்ப்பக்கத்தில் தேடுவார்.

‘நேர் உதயம்’ என்றும் வேண்டாம். பக்கத்துப் பத்தியிலேயே ‘உதய நேரம்’ இருக்கிறது. அளவை எங்கே தொடங்குகிறது என்பதைக் குறிப்பில் ‘சாயன மேட முதற்புள்ளி’ (சம இரவு நாளில் ஞாயிறு நிற்கும் புள்ளி) என்றே எழுதுங்கள். வெறும் ‘மேடம்’ என்றால், விண்மீன்களை வைத்து எண்ணும் பஞ்சாங்க மேடத்தை எடுத்துக்கொண்டு 24 பாகை தவறுவார்கள்.

---

‘நேரேற்றம்’ என்பதை ‘நேர ஏற்றம்’ என்று பிரித்துப் படிப்பார்களே?

---

படித்தாலும் கெடுதல் குறைவு, அலகு மணிதானே. நால்வர் ஒப்பியதால் ‘நேரேற்றம்’ என இடுகிறேன். பழைய ‘வல ஏற்ற’த்தைத் தேடினாலும் கிடைக்கும்படி மாற்றுச்சொல்லாகச் சேர்த்துள்ளேன். குறுக்கம் ‘நே.ஏ.’

---

என் வாக்கு வலவேர்புக்கே. திசையைக் குறிப்பில் சொல்லிவிடலாம். ‘ஏர்பு’ போனால் யார் மீட்பார்?