மாரா ஆற்றங்கரையில் காத்திருக்கப் போகிறவர்களுக்கு

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தேதியில் போனால் வைல்ட்பீஸ்ட் (மாடு போல் தோன்றும் மான் இனம்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாம்?" என்றுதான். தேதியை யாராலும் சொல்ல முடியாது. தெற்கே தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டி புல்வெளியிலிருந்து வைல்ட்பீஸ்ட் கூட்டம் பெரும்பாலும் ஜூலையில் வந்து சேர்ந்து அக்டோபர் வரை மாராவில் மேயும். அந்த மாதங்களில் மழை பெய்து புல் தளிர்த்த பக்கமெல்லாம் போகும் என்பதால், ஒரே ஆற்றை இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் பலமுறை கடக்கும். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். அதில் ஒரு முழு நாளை ஆற்றுக்கென்றே ஒதுக்குங்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பாமல் பெட்டியில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரையில் கூட்டம் சேர்ந்ததும் நடப்பதைக் கவனித்தால் பொறுமை தானாக வரும். முன்னால் நிற்பவை நீர்விளிம்பு வரை இறங்கும், மோந்து பார்க்கும், சட்டென்று திரும்பி மேலே ஓடும். பல சமயம் வரிக்குதிரைகள்தான் முதலில் இறங்கிப் பார்க்கும். ஒரு நீர்யானை தலை தூக்கினாலும் போதும், எதிர்க்கரையில் ஒரு வண்டி நகர்ந்தாலும் போதும், எல்லாம் கலைந்து மறுபடி மேயப் போய்விடும். பின்னால் வந்து சேருபவை நெருக்க நெருக்க, ஏதோ ஒன்று குதிக்கும். அதன்பிறகு அந்த ஓட்டத்தை நிறுத்துவது கடினம்.

இதனால்தான் நல்ல ஓட்டுநர் வண்டியைக் கரைக்குக் கொண்டுபோகாமல், சில நூறு மீட்டர் தள்ளி, புதர் மறைவில் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பார். முதல் சில விலங்குகள் நீரில் இறங்கி வரிசை பிடித்த பிறகுதான் கரையை நோக்கி நகர்வார். "முன்னாடி போங்க, இடம் போயிடும்" என்று அவரை நச்சரிக்காதீர்கள். கூட்டம் இறங்கும் வழியிலோ ஏறும் வழியிலோ வண்டிகள் நின்றுவிட்டால், நீந்தி வந்தவை செங்குத்தான மண்சரிவில் ஏற முயன்று வழுக்கி விழும், ஒன்றன்மேல் ஒன்று மிதிபடும். முதலையிடம் தப்பிய கன்றுகூட அந்த நெரிசலில் சாகும். கடந்து முடித்ததும் உடனே கிளம்பிவிடவும் வேண்டாம். கன்றைத் தவறவிட்ட தாய்கள் கரைக்கே திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே நிற்கும். சில மீண்டும் நீரில் இறங்கும். பெரும்பாலான வண்டிகள் போன பிறகுதான் இதைப் பார்க்க முடியும்.

எந்தக் கரையில் தங்குகிறீர்கள் என்பதையும் முன்பே யோசியுங்கள். மேற்குக் கரையிலுள்ள மாரா முக்கோணப் பகுதிக்குக் காப்பகத்துக்குள்ளேயே மாறுவதற்குத் தெற்கே புருங்காட் பாலம்தான் வழி. கூட்டம் அக்கரையில் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனால், போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கலாம்.

சிவிங்கிப்புலி (சீட்டா) விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் ஒதுங்கி அது பெரும்பாலும் பகலில்தான் வேட்டையாடும். அதாவது, வண்டிகள் சுற்றும் நேரத்தில். இரையை வீழ்த்தியதும் உடனே தின்ன முடியாது, மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் வண்டிகள் சூழ்ந்தால் இரை பறிபோகலாம், குட்டிகள் தாயைப் பிரிந்துவிடலாம். மாராவில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. சுற்றுலா நெரிசல் மிகுந்த பகுதித் தாய்கள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளையே வளர்த்து ஆளாக்கின. நெரிசல் குறைந்த பகுதியில் அது 2.3. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆறாவது வண்டியாக நீங்கள் இருந்தால், "வேண்டாம், தள்ளி நில்லுங்கள்" என்று ஓட்டுநரிடம் நீங்களே சொல்லுங்கள். டிப்ஸ் குறையுமோ என்ற பயத்தில்தான் பலர் விதியை மீறுகிறார்கள். பயணியே சொன்னால் அவருக்குப் பெரிய நிம்மதி.

வெயில் ஏறியதும் சிங்கங்கள் வண்டி நிழலுக்கு வந்து படுப்பதுண்டு. கிளப்பும் முன் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். கையை வெளியே தொங்கவிடாதீர்கள்.

படம் எடுப்பவர்களுக்கு: எஞ்சின் ஓடும்போது வண்டி அதிரும், நீண்ட லென்ஸில் படம் மங்கும். முக்காலிக்கு வண்டியில் இடம் இருக்காது. காலித் துணிப்பை ஒன்று கொண்டுபோய், அங்கே இரண்டு மூன்று கிலோ அரிசியோ பீன்ஸோ வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்தால் அதுவே போதும். ஆற்றுக் காட்சிக்கு ஷட்டர் 1/2000க்குக் குறையாமல் இருக்கட்டும். ஓடும் வண்டியில் லென்ஸ் மாற்றவே வேண்டாம், தூசி உள்ளே போய்விடும். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போவதாக இருந்தால் பொதுவாக 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கும் பையில்; சக்கரம் வைத்த பெட்டி சிக்கல்.

காப்பக நுழைவுக் கட்டணம்: வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024இல் ஏற்றினார்கள். சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். வெளியே மலிவாகத் தங்கி வாயிலுக்கு ஒரு மணி நேரம் ஓட்டி வந்தால், காலையின் நல்ல வெளிச்சம் வழியிலேயே போய்விடும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டாக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அந்த மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும்.